வெள்ளைத் துணி கட்டிய வண்டி

எங்கள் தெருவில் அவருக்குத் தண்ணிவண்டி என்று பெயர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதருக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததில் அவருக்கே சிரிப்புதான். தீயணைப்பு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன குழுத் தலைவர் அவர். எல்லாரும் ஏறியாயிற்றா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலாம்" என்பார். அதன் பிறகுதான் வண்டி நகரும். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தச் சொல் அவரை விடவில்லை. சாப்பிட்டு எழுந்தால் போலாம். விருந்துக்குப் போன இடத்தில் கை கழுவினால் போலாம். மருமகள் கடைக்குப் போகச் செருப்பு மாட்டினால், தான் கூடப் போகாவிட்டாலும், போலாம்.

தெருக்கோடியில் ஆம்புலன்ஸ் கொட்டகை. அதை ஒட்டிய மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். மகன் அந்தக் கொட்டகையில் டிரைவர். மருமகள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தாள். பிள்ளைகள் இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெரியவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காலையில் மெஷின் சத்தம் கேட்டதும் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பாபினில் நூல் சுற்றிக் கொடுப்பார். வெட்டிய துணியைச் சுருட்டி வைப்பார். தீயணைப்புக் குழாயைச் சுருட்டுகிற மாதிரி, நடுவில் மடித்து, இரண்டு முனையும் ஒரே பக்கம் வரும்படி. அப்படிச் சுருட்டினால் ஒரு இழு இழுத்ததும் மொத்தமும் பிரிந்துவிடும். "எங்கயாவது தீப்பிடிச்சா என் பாவாடைத் துணியை வெச்சே அணைச்சிடலாம் மாமா" என்று அவள் கிண்டல் செய்வாள்.

வேலைநிறுத்தம் பற்றிய பேச்சு மழையோடு சேர்ந்துதான் ஆரம்பித்தது. அந்த மழைக்கு ஒரு கூச்சமும் இல்லை. காலையில் தூறும், மதியம் கொட்டும், சாயங்காலம் போனால் போகிறதென்று மறுபடி தூறும். துணி எதுவும் காயவில்லை. மகனின் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்தாள் மருமகள். ஆவி எழும்ப அதை அவன் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே அப்பாவும் பிள்ளையும் தொடங்கிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஆம்புலன்ஸில் எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் பின்னால் நோயாளியோடு உட்காருவார். ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி நிர்வாகம் பின்னால் உட்காருகிற ஆளை எடுத்துவிட்டது. டிரைவர் ஒருவர் போதுமாம். நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்களாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவுகள் இப்படித்தான் இருக்கும்.

"அந்தம்மா விஷயத்துல இருந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா," என்றான் மகன். ரொட்டியைத் தேநீரில் தோய்த்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "மூச்சுத் திணறல் கேஸ். பின்னாடி அவங்க பொண்ணு மட்டும்தான். வாந்தி வந்துடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியல. நான் முன்னாடியிருந்து கத்துறேன், அதுக்குக் காதுல விழல. பாலத்து மேல வண்டி. கண்ணாடியில எல்லாம் தெரியுது. தெரிஞ்சு என்ன செய்யறது? அவங்க உயிர் போறதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டிட்டுப் போனேன்."

"தெரியும்டா. அன்னைக்கு நீ வந்து படுத்த கோலத்தைத்தான் பார்த்தேனே."

"அப்ப ஸ்டிரைக் வேணாங்கறீங்க?"

"ஆள் வேணும்னு கேளு. வேணாங்கல. வண்டியை நிறுத்தாதேங்கறேன். இன்னைக்குக் கண்ணாடியில பார்க்கவாவது நீ இருக்கே. நாளைக்கு அதுக்கும் ஆள் இருக்காதே."

"கேக்காமலா இருக்கோம்? மனு கொடுத்தாச்சு. கறுப்புப் பட்டை குத்திக்கிட்டு வேலை பார்த்தாச்சு. பட்டை நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறான் அந்த ஆபீசர். நாம வண்டி ஓட்டிக்கிட்டே இருக்கிற வரைக்கும் அவனுக்கு என்ன குறை?"

"அவனுக்குக் குறை வராதுடா. அவன் வீட்ல ரெண்டு கார் நிக்குது. குறை வர்றது இந்தத் தெருவுக்குத்தான்."

"நீங்க அன்னைக்கு எடுத்த வண்டியை நெனச்சுக்கிட்டே பேசறீங்கப்பா."

மெஷின் நின்றது. அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. மகனும் எடுக்க நினைத்து எடுத்ததில்லை, வாய் தவறி வந்துவிட்டது.

அந்தக் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். பெரியவர் வேலையில் இருந்த காலத்தில் தீயணைப்புக்காரர்களும் ஒரு முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான். அப்போது மெத்தை செய்கிற கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. கிடங்குக்கு மேல் மாடியில் குடும்பங்கள் இருந்தன. இவர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வாசலில் படுத்து மறித்தவர்களைக் கும்பிட்டு எழுப்பிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாடியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். வேலைநிறுத்தம் மறுநாளே பிசுபிசுத்துப் போனது. பாருங்கள், நீங்கள் இல்லாமலே வண்டி போகிறதே என்று நிர்வாகம் சிரித்தது. கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கருங்காலி என்றார்கள். ஓய்வு பெறும் நாள்வரை ஒருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவில்லை. விடைபெற்ற அன்று தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவர் தெருவில் நடந்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அதை நெனச்சுதான்டா பேசறேன்," என்றார் பெரியவர். "போனது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். ஆனா நான் நல்லா இருந்தேன்னும் சொல்ல மாட்டேன். நீ போ. உங்க ஆளுங்களோட உக்காரு. அதுக்கு நான் குறுக்க நிக்கல."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவ்வளவு மோசம் இல்லை. தெருவை அப்படியே கைவிட்டுப் போகவில்லை. உயிர் போகிற கேஸுக்கென்று ஒரு வண்டியை மட்டும் கொட்டகை வாசலில் நிறுத்தினார்கள். அதில் பழைய முறைப்படி இரண்டு பேர். அடையாளத்துக்குக் கதவுக் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணியே மருமகளின் தையல் மிச்சம்தான். கொட்டகைக்கு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். பந்தலில் தேங்குகிற தண்ணீரை ஒருவன் குச்சியால் குத்தித் தள்ளுவான், அது சரியாக இன்னொருவன் கழுத்தில் இறங்கும், உடனே ஒரு சண்டை, அப்புறம் ஒரு சிரிப்பு.

கூட்டத்தில்தான் மகன் அதைச் சொன்னான். "வெள்ளைத் துணி வண்டி ஊருக்கு. நம்ம வீட்டாளுங்க யாரும் அதைத் தொடக் கூடாது. நம்ம வீட்ல யாருக்கு என்ன ஆனாலும் டாக்ஸியில கூட்டிட்டுப் போவோம். தனக்குன்னா மட்டும் வண்டியை எடுத்துக்கிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் நம்மளைக் கை நீட்டிப் பேசக் கூடாது." எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் நல்ல பேச்சு என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து அவன் அதைத் திரும்பச் சொன்னபோது முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. பெரியவர் பாபினைச் சுற்றிக்கொண்டே, "அது சரி," என்று மட்டும் சொன்னார்.

"உங்க பிள்ளை தலைவராயிட்டாரு மாமா," என்றாள் மருமகள்.

"தலைவன் ஆகட்டும். சாப்பிட மட்டும் நேரத்துக்கு வரச் சொல்லு."

அப்புறம் அவன் சாப்பிட வரவே இல்லை. அவித்த முட்டையும் ரொட்டியும் அவள்தான் பந்தலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தெருவில் பேச்சு இரண்டாகப் பிரிந்திருந்தது. ரொட்டிக் கடைக்காரர் அவர்கள் பக்கம். மருந்துக் கடைக்காரர் எதிர்ப்பக்கம். "நாம செத்தாத்தான் அவங்களுக்குச் சம்பளம் ஏறும்போல," என்று பெரியவரின் காதுபடவே சொன்னார். சம்பளத்துக்காக இல்லை, ஆளுக்காக என்று பெரியவர் விளக்கம் சொன்னார். வீட்டில் மகனிடம் ஒரு கட்சி, வெளியில் மகனுக்காக இன்னொரு கட்சி. தகப்பன் என்றால் அப்படித்தான் இருக்க முடியும்.

அன்று மதியம் மழை வலுத்துப் பெய்தது. அவள் சட்டைக் காலர்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் கையிலிருந்து பாபின் நழுவி உருண்டது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நழுவியது.

"என்ன மாமா, இன்னைக்குக் கையில வெண்ணெயா?"

அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வந்தது.

ஆம்புலன்ஸ்காரன் வீட்டில் வாழ்ந்தவள் அவள். சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பக்கவாதத்தின் அடையாளங்களையெல்லாம் கற்றிருந்தாள். சிரிக்கச் சொல்லு, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு, பேசச் சொல்லு. எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். வலது கை தானாக இறங்கியது. அதைத் தன்னுடையது இல்லை என்பது போல அவர் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேரை மாடியிலிருந்து தூக்கி இறக்கிய மனிதர் அவர்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கொட்டகை வாசலில் வெள்ளைத் துணி நனைந்து தொங்க வண்டி நின்றது. உள்ளே இரண்டு பேரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். மகன் பந்தலில் இல்லை. பேச்சுவார்த்தைக்கென்று தலைமை அலுவலகம் போயிருந்தான். போனை எடுத்தவள் ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள்.

பெரியவர் எப்படி எழுந்து வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்மா."

"மாமா, இது அதுதான். எனக்குத் தெரியும். நேரம் போகக் கூடாது."

"டாக்ஸி கூப்பிடு."

"இந்த மழையில டாக்ஸிக்கு எங்க போவேன்? வண்டி அதோ நிக்குது மாமா. பந்தல்ல எல்லாரும் நம்ம ஆளுங்கதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லுவாங்க." நாக்கு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் அவர் கல் தூக்குகிற மாதிரி தூக்கி வைத்தார். "அவனைச் சொல்லுவாங்க. இந்த வீட்ல ஒரு கருங்காலி போதும்மா."

அதற்கு மேல் அவள் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சொல்வது சுலபம். அவர் பிடித்த பிடி அப்படி. அந்தக் கண்ணும் அப்படி. புருஷன் சொன்ன சொல்லும், மாமனார் சொன்ன சொல்லும் அந்த ஒரு நாளில் மட்டும் ஒன்றாக இருந்தன. அவள் ஜன்னலை விட்டுவிட்டாள். பந்தலில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கப் படியில் இறங்கி அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

டாக்ஸி ஒன்றுகூட இல்லை. ஆம்புலன்ஸ்கள் ஓடவில்லை என்று பயந்துபோய் ஊர் முழுக்க டாக்ஸிகளைப் பிடித்து வைத்திருந்தது. போனில் கூப்பிட்டால், வருகிறேன் என்பவனும் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் அவள் நின்றதைப் பார்த்து ரொட்டிக் கடைக்காரர் தன் வேனை எடுத்தார். ரொட்டித் தட்டுகளை இறக்கிவிட்டு, மாவு மூட்டையில் பெரியவரைச் சாய்த்து, பின்வழியாகவே ஏற்றினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். கடைவாயில் எச்சில் ஒழுக, அவர் கழுத்தைத் திருப்பி எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"போலாம்," என்றார்.

பாலம் அடைபட்டிருந்தது. சைரன் இல்லாத ரொட்டி வேனுக்கு யார் வழி விடுவார்கள்? ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மருந்து போட்டிருக்கலாம். இப்ப அந்த நேரம் தாண்டிடுச்சும்மா," என்று தணிவாகச் சொன்னாள்.

மகன் நனைந்த சட்டையோடு ஓடி வந்தபோது அவள் வராந்தா பெஞ்சில் இருந்தாள். புடவையிலும் தலைமுடியிலும் மாவு ஒட்டியிருந்தது.

"ஏன் வண்டியைக் கூப்பிடல?"

அவள் புடவையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள்.

"கேக்கறேன்ல. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பாங்க. அந்த வண்டி இன்னிக்கு மதியம் பூரா ஒரு கேஸும் இல்லாம சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. தெரியுமா உனக்கு? சும்மா நின்னுச்சு."

"தெரியும். ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

"பாத்துட்டுமா?"

"நம்ம வீட்டாளுங்க தொடக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான் சொன்னது காய்ச்சலுக்கு, தலைவலிக்கு. இதுக்காடி சொன்னேன்?"

"என்ன ஆனாலும்னு சொன்னீங்க. கை தட்டினாங்கன்னு வந்து சொன்னீங்க. அப்ப காய்ச்சல் தலைவலின்னு சொல்லலயே."

"கூட்டத்துல பேசறது வேற. அதுக்குன்னு ஒரு புத்தி வேணாமா?"

அவள் இதுவரை அழவில்லை. இப்போதும் அழவில்லை. சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"கூப்பிடத்தான் போனேன். மாமாதான் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வண்டி வேணாம்னாரு. இந்த வீட்ல ஒரு கருங்காலி போதும்னாரு."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு அவன் அவள் முடியில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். எடுக்க எடுக்க அவன் தோள் குலுங்கியது. அவள்தான் அவன் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

வேலைநிறுத்தம் ஜெயித்தது. அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரமே நிர்வாகம் இறங்கி வந்தது. எல்லா வண்டியிலும் பின்னால் ஆள் போட்டார்கள். பட்டாசு வெடிக்கலாம் என்று சிலர் கேட்டதற்கு மகன் வேண்டாம் என்றான். மருந்துக் கடைக்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது. பின்னால் இருந்த ஆள்தான் கழுத்தில் சுற்றிய தொப்புள்கொடியை எடுத்து, குழந்தையை அழவைத்தான். ஓட்டியவன் பெரியவரின் மகன்தான். இறங்கி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் மறைவாகப் போய் நின்று அழுதானாம். சந்தோஷத்தில் அழுகிறான் என்று கூட இருந்தவன் எங்களிடம் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்.

பெரியவர் பிழைத்து வந்தார். வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மொத்தமும் போய், ஒரே ஒரு சொல் தங்கியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் தண்ணீர் டம்ளரைக் காட்டி, "இது என்ன தாத்தா?" என்பாள். அவர் யோசித்து, முகமெல்லாம் முயற்சியாக, "போலாம்," என்பார். சீப்பும் போலாம், பூட்டும் போலாம், பசியும் போலாம். சிலருக்கு இப்படி ஒரு சொல் நின்றுவிடும், அவர் நினைப்பது வேறாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். முதலில் மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொரு போலாமுக்கும் தனித்தனியாக அர்த்தம் பிடிக்கப் பழகிவிட்டாள்.

இப்போதும் முக்காலியில்தான் உட்காருகிறார். ஒரு கையால் துணி சுருட்டப் பார்க்கிறார். முனைகள் சேர்வதில்லை. அவர் தூங்கியதும் அவள் அவற்றைப் பிரித்துச் சரியாகச் சுருட்டி வைக்கிறாள்.

மகன் சண்டை போட ஆளில்லாமல் தவித்தான். காலையில் தேநீரோடு அப்பாவுக்கு எதிரில் உட்காருவான். ரொட்டியை நனைத்து ஊட்டுவான். ஒரு நாள், சீருடை மாட்டிக்கொண்டவன், வாயைத் துடைத்துவிட்ட துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா. ஆள் போட்டாச்சு. இப்ப எல்லா வண்டியிலயும் ரெண்டு பேர் போறோம். நாங்க ஸ்டிரைக் பண்ணாம இருந்தா இது நடந்திருக்காது. அது எனக்குத் தெரியும். பண்ணினதாலதான் நீங்க இப்படி உக்காந்திருக்கீங்க. அதுவும் எனக்குத் தெரியும். நான் பண்ணது சரியா தப்பாப்பா? தலையையாவது ஆட்டுங்க."

பெரியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. உள்ளே எதையோ தேடுவது வெளியே தெரிந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. நிறையச் சொல்ல இருந்தது அவருக்கு, அதில் சந்தேகமே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு மருமகளும் காத்திருந்தாள்.

கீழே கொட்டகையில் அழைப்பு மணி அடித்தது. வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு உதவியாள் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மகன் நகரவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கழுத்துப் பொத்தானைப் போட முயன்றார். ஒரு கையால் முடியவில்லை. பிறகு கையை எடுத்து, அதே கையால் அவனை வாசல் பக்கம் தள்ளினார்.

"போலாம்," என்றார்.

அவன் பொத்தான் போடாமலே படியிறங்கி ஓடினான்.